விரோத்சுவாஃப் நகரத்து ஜப்பானியத் தோட்டம்: மூலமும் புத்துருவும்

போலந்து நாட்டு விரோத்சுவாஃப் நகரின் சிட்னிக்கிப் பூங்காவுள் ஜப்பானிய மரபுத் தோட்டமொன்று உளது. அதனைக் காண்பார் நெஞ்சில் முதற்கண் எழும் வினா, இது மூலமோ போலியோ என்பது. அவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

நெப்போலியனுக்கு எதிரான 1813 ஆம் ஆண்டுப் போரின் நூற்றாண்டை நினைவு கூர்ந்து, 1913 இல் இந்நகரில் பொருட்காட்சி நிகழ்ந்தது. அன்று இது பிரெஸ்லாவு எனப் பெயர் பூண்ட செருமானிய நகர். ஹோக்பெர்க் பிரபுவின் முயற்சியால், மன்கிச்சி அராய் என்னும் ஜப்பானியத் தோட்டக்கலைஞர் இத்தோட்டத்தை அமைத்தார். காட்சி முடிந்ததும் இரவலாகப் பெற்ற அணிப்பொருள்கள் அகற்றப்பட்டன. 1945 இற்குப் பின் நகரின் நாடும் மக்களும் மாறினர். 1990களில் ஜப்பானிய வல்லுநர் துணையுடன் புதுக்கப்பெற்ற தோட்டம் 1997 மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டே திங்களில், சூலையில், ஓடர் ஆற்று வெள்ளம் அதனை அழித்தது. மீண்டும் திறந்தது 1999 இல்.

இந்நிலையில் மூலம் என்பது எது? இருபதாண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் ஈசே கோயிலை எடுத்துக்காட்டி, புதுக்கலே ஜப்பானியப் பழமை என்று விடையிறுத்தல் எளிது. எளிதாயினும் நாம் அதனை ஏற்கத் தயங்குகின்றோம். ஈசேயில் தச்சரின் கைத்திறன் வழிவழி வருவது. இங்கோ அராயின் கைக்கும் புதுக்கியோர் கைக்கும் இடையே எண்பதாண்டு இடைவெளி. (உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஈசேயிலும் நூறாண்டிற்கு மேல் இடையறவு நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது.)

ஆகவே அளவுகோலை வேறிடத்தே தேடுதல் வேண்டும். பதினோராம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'சகுதெய்கி' என்னும் தோட்டநூல், இடத்தின் இயல்பறிந்து, கல் வேண்டும் வண்ணமே கல்லை நாட்டுக என்னும் நெறியை வகுக்கின்றது. பொருளின் தொன்மை அந்நெறிக்கு உறுப்பன்று, இயைபே உறுப்பு. இவ்வளவையால் நோக்கின், தோட்டத்தின் சிறப்பு மேற்கூரையுடைய பாலத்தில் இல்லை. பாலத்தைப் படம் பிடிப்போர் காணாது செல்லும் இரு அருவிகளிலேயே அஃது உளது: ஒன்று ஆண்மை தோன்ற வீழ்வது, மற்றொன்று பெண்மை தோன்ற இழிவது. நீரின் ஓசையைக் கல்லின் கிடக்கையால் வேறுபடுத்தும் இத்திறமே மரபு. கல் எந்நாட்டினதாயினும் ஆகுக.

ஒன்று மட்டும் நமக்கு உடன்பாடன்று. 'ஹக்கோயென்', அஃதாவது வெண்செந்தோட்டம், எனும் பெயர் இரு நாட்டுக் கொடிகளின் நிறத்தை நினைவூட்டுகின்றது. நட்புக்கு அது தகும். பசுமையே மிக்க அவ்விடத்திற்குத் தகுமாறில்லை.