அட்டையில் இருப்பது யார்?

போன வருடம் என் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டினேன். மைல்ஸ் டேவிஸின் 1961ஆம் வருட ஆல்பமான ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’மின் அட்டைப்படம். பெரிதாக பிரிண்ட் எடுத்து, தெருமுனைக் கடையில் கொடுத்து சட்டம் போட்டு வாங்கினேன். அந்த அட்டையில் மைல்ஸ் இல்லை. ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அக்கா காபியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

“யாருடா இவங்க? பாடகியா?”

“இல்லக்கா. மைல்ஸ் டேவிஸ்னு ட்ரம்பெட் வாசிக்கிறவர். அவரோட மனைவி.”

“சரி, அவங்களுக்குப் பேரு இல்லையா?”

எனக்குச் சட்டென்று வரவில்லை. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜிம்மி காப் என்று தெரியும். ஜான் கோல்ட்ரேன் இரண்டே இரண்டு பாடல்களில் வந்து வாசித்துவிட்டுப் போனார் என்பது தெரியும். தினமும் காலையில் நான் பார்த்து எழுகிற முகத்தின் பெயர் மட்டும் தெரியவில்லை. அக்கா ஊருக்குப் போன பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடத் தேட, ஒரு இசைக்கலைஞரின் பிம்பம் அட்டைகளில் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் என்று புரிந்தது.

முதலில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

‘ஆல்பம்’ என்ற சொல்லே புகைப்பட ஆல்பத்திலிருந்து வந்ததுதான். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டுதான் அடங்கும். அதனால் நான்கைந்து தட்டுகளை ஒரு தடித்த புத்தகம்போலச் சேர்த்து விற்றார்கள். மேலட்டை பெரும்பாலும் வெறும் பழுப்பு, சாம்பல் நிறத்தில் இருக்கும். 1930களின் கடைசியில் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்கிற இளைஞர்தான் அந்த அட்டையில் படம் வரையலாம், படம் இருந்தால் விற்கும் என்று காட்டினார். 1948இல் அதே கொலம்பியா எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று வடிவமைப்பாளர்கள் கைக்குக் கிடைத்தது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே கேட்பவன் கண்ணில் படுகிற இடம் அது. அந்தச் சதுரத்தில் யாருடைய முகம் வருவது என்பது அமெரிக்காவில் அவ்வளவு எளிதான கேள்வி அல்ல.

மைல்ஸ் 1955இல் கொலம்பியாவில் ஒப்பந்தமானார். 1957இல் கில் எவான்ஸின் இசைக்கோர்ப்பில் ‘மைல்ஸ் அஹெட்’ வந்தது. ஒரு பெரிய குழு, அதன் நடுவே ஒற்றைக் குரலாக மைல்ஸ். அந்த ஆல்பத்தின் முதல் அட்டையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு பாய்மரப் படகு. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரு குழந்தையும். ஒரு கறுப்பினக் கலைஞனின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு, முகத்துக்கு மட்டும் வேறொருவரைப் போட்டிருந்தார்கள். அன்றைய வியாபார வழக்கம் அது. வாங்குகிற வெள்ளையினக் குடும்பம் வரவேற்பறையில் கூசாமல் வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மைல்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் அவகியானிடம் தன் கோபத்தைக் காட்டினார். பின்னர் வந்த பதிப்புகளில் படகு போய், ட்ரம்பெட் ஊதுகிற மைல்ஸ் வந்தார்.

இந்தக் கதையை ஜாஸ் கேட்பவர்கள் பெருமையோடு சொல்வார்கள். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. முகம் என்பது இங்கே அலங்காரம் கிடையாது, உரிமை. நம் வீட்டுப் பழைய சினிமா கேசட்டுகளில் நாயகன் முகம் பெரிதாகவும் இசையமைப்பாளர் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து, பாட்டுப் போட்டதே அந்த நடிகர்தான் என்று நம்பியவன் நான். அட்டையில் இருப்பவருக்குத்தான் பாட்டு போய்ச்சேரும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

1959 ஆகஸ்டில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வந்தது. அட்டைக்கான படத்தை ஜே மைசெல் அப்பல்லோ தியேட்டரில் எடுத்தார். இருட்டுக்குள் மைல்ஸ், உதட்டில் ட்ரம்பெட், தாழ்ந்த கண்கள். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ‘கூல்’ என்று உலகம் சொல்கிற மைல்ஸின் பிம்பத்தை இந்த ஒரு படத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆல்பம் வந்த அடுத்த வாரமே இன்னொரு படம் வந்தது. நியூயார்க்கில் ‘பேர்ட்லேண்ட்’ என்கிற ஜாஸ் அரங்கில் அவருடைய நிகழ்ச்சி. இடைவேளையில் வெளியே வந்து நின்றார். ஒரு போலீஸ்காரர் வந்து நகரச் சொன்னார். நான் இங்கேதான் வாசிக்கிறேன், மேலே பெயர்ப் பலகையில் இருப்பது என் பெயர்தான் என்று மைல்ஸ் சொன்னார். தலையில் அடி விழுந்தது. வெளிர்நிறக் கோட்டில் ரத்தக் கறையோடு அவர் நிற்கிற படம் பத்திரிகைகளில் வந்தது.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மனிதர், சில நாள் இடைவெளி. ஒரு படத்தில் எதுவும் தொட முடியாத மனிதர், இன்னொன்றில் தெருவில் எவனும் அடிக்கக்கூடிய உடல். அவர் தன் அட்டைகளைப் பற்றி ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ அட்டை வருகிறது. தலைப்புப் பாட்டு, வால்ட் டிஸ்னியின் 1937ஆம் வருட ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் வருவது. பனிபோல வெளுத்த இளவரசி, தன் ராஜகுமாரனுக்காகக் காத்திருந்து பாடுவது. அந்தத் தலைப்பின் கீழே ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தை வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார் மைல்ஸ். நான்கு வருடத்துக்கு முந்தைய பாய்மரப் படகுக்கு இது பதில். இளவரசி என்றால் யார் என்று யார் முடிவுசெய்வது? இதற்காகத்தான் அந்தப் படத்தை என் சுவரில் மாட்டினேன். இதுவரைக்கும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

தெரியாத பாதி, அக்கா கேட்ட பெயர். பிரான்சிஸ் டெய்லர். நடனக் கலைஞர். கேத்தரின் டன்ஹமின் புகழ்பெற்ற நடனக் குழுவில் ஆடியவர். 1957இல் பிராட்வேயில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ முதன்முதலாக மேடையேறியபோது அதில் இருந்தவர். அவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தபோது, அதை விட்டுவிட்டு வரச் சொன்னார் மைல்ஸ். அவர் விட்டார். 1959 டிசம்பரில் திருமணம் நடந்தது. மைல்ஸ் அவரை அடித்தார். இது யாரோ கிளப்பிய வதந்தி இல்லை. 1989இல் வந்த சுயசரிதையில் மைல்ஸே ஒப்புக்கொண்டது.

இதைப் படித்த பிறகு அட்டையை மறுபடி பார்த்தேன். படம் மாறவில்லை, அதே முகம்தான். ஆனால் அது எந்த மேடையிலிருந்து இறக்கப்பட்டு இங்கே வந்தது என்று தெரிந்துவிட்டதே. பிராட்வே மேடையில் ஆடிய உடல் ஒரு சதுரத்துக்குள் அசையாத முகமாகியிருக்கிறது. அந்த ஆல்பத்தில் ‘ப்ரான்சிங்’ என்று ஒரு பாட்டு உண்டு, அவர் பெயரை வைத்து விளையாடிய தலைப்பு. நடனக்காரியைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அவர் முகம் இருக்கிறது, அவருடைய நடனம் மட்டும் இல்லை.

1965இல் வந்த ‘ஈ.எஸ்.பி.’ அட்டையிலும் அவர் இருக்கிறார். தோட்டத்தில் எடுத்த படம். மைல்ஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதன்முதலாகப் பார்த்தபோது, ஜாஸ் அட்டைகளிலேயே மிக நெருக்கமான காதல் படம் என்று நண்பனுக்கு அனுப்பினேன். அந்த வருடமே பிரான்சிஸ் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டார். கடையில் அந்தத் தட்டை வாங்கியவர்கள் பார்த்தது ஒரு காதல் ஜோடியை. பிம்பம் கட்டுவது என்றால் காட்டுவது மட்டுமில்லை, எது தெரியக் கூடாது என்று முடிவுசெய்வதும்தான்.

அதன் பிறகு வரிசையாகப் பாருங்கள். 1967இல் ‘சார்சரர்’ அட்டையில் நடிகை சிசிலி டைசனின் பக்கவாட்டு முகம். அடுத்து ‘ஃபீய் த கிளிமஞ்சாரோ’வில், 1968இல் மைல்ஸ் மணந்த பெட்டி மேப்ரி. பெட்டி மாடலாக இருந்தவர், பாட்டும் எழுதுபவர். மைல்ஸை ஜிமி ஹென்ட்ரிக்ஸின், ஸ்லை ஸ்டோனின் பக்கம் திருப்பியவர். மைல்ஸின் உடுப்பு மாறியதிலும் அவர் பங்கு உண்டு. கோட்டும் டையும் போய் வண்ணங்கள் வந்தன. திருமணம் ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது.

பெட்டி அதோடு நிற்கவில்லை. 1973இல் ‘பெட்டி டேவிஸ்’ என்று தன் பெயரிலேயே ஆல்பம் போட்டார். அந்த அட்டையில் அடர்ந்த ஆஃப்ரோ முடியும் தொடைவரை வெள்ளி பூட்ஸுமாக அவரே. யாருடைய மனைவியாகவும் இல்லை. பாட்டு, எழுத்து, தோற்றம் எல்லாம் அவருடையது. அந்த ஆல்பங்கள் பெரிதாக விற்கவில்லை, பத்தாண்டு முடிவதற்குள் அவர் ஒதுங்கிப்போனார். பல வருடம் கழித்து, 2000களில் மறுபதிப்பு வந்தபோதுதான் புதிய தலைமுறை அவரைக் கண்டுகொண்டது. 1957இல் மைல்ஸ் என்ன கேட்டாரோ அதையேதான் 1973இல் பெட்டியும் கேட்டார்: என் சத்தத்துக்கு என் முகம். மைல்ஸின் கோபத்தைக் கதையாகச் சொல்கிற நாம் பெட்டியின் அட்டையை அதே வரிசையில் வைத்துப் பேசுவதில்லை. நான் பேசியதில்லை.

எழுபதுகளில் மைல்ஸின் அட்டைகள் வேறு பக்கம் போயின. 1970இல் ‘பிட்ச்சஸ் ப்ரூ’வுக்கு மாட்டி க்ளார்வைன் ஓவியம் வரைந்தார். விரித்தால் இரு பக்கமும் நீளும் அட்டை. கடலைப் பார்த்து நிற்கிற கறுப்பின ஜோடி, பற்றி எரிகிற பூ, கோத்துக்கொண்ட கறுப்பு வெள்ளை விரல்கள். ராக் கேட்கிற இளைஞர்கள் கையில் எடுக்க அந்த அட்டையும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

1972இல் ‘ஆன் த கார்னர்’. கார்க்கி மெக்காயின் கார்ட்டூன் மனிதர்கள், கறுப்பினத் தெரு. வீட்டு வரவேற்பறையை விட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்துவிட்ட அட்டை. ஆனால் முதல் பதிப்பில் வாசித்தவர்களின் பெயர்களே இல்லை. அதில் தபலா வாசித்த பாதல் ராய், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். அவர் கைகளின் தாளம் தட்டில் இருக்கிறது, பெயர் அட்டையில் இல்லை. தன் பெயரும் முகமும் ஒளிக்கப்பட்டதற்குக் கோபப்பட்ட ஒருவரின் ஆல்பம் இது.

கடைசியாக 1986. ‘டுட்டு’. தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயர் தாங்கிய ஆல்பம். இர்விங் பென் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், வடிவமைப்பு ஜப்பானியக் கலைஞர் எய்கோ இஷியோகா. அட்டை முழுக்க மைல்ஸின் முகம். ட்ரம்பெட் இல்லை, மேடை இல்லை, ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அட்டை வடிவமைப்புக்கான கிராமி விருது எய்கோவுக்குக் கிடைத்தது. படகிலிருந்து இந்த முகத்துக்கு வர ஏறக்குறைய முப்பது வருடம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதி, பெரும்பாலான கருவிகளையும் தானே வாசித்து வைத்தவர் மார்கஸ் மில்லர். அதன் மேல்தான் மைல்ஸ் ஊதினார். மில்லரின் பெயர் ஆல்பத்தில் இருக்கிறது, முகம் வேறொருவருடையது. அதில் அநியாயம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. மைல்ஸின் ஊதல் இல்லாமல் ‘டுட்டு’ இல்லை. ஆனால் அட்டை ஒரு முகத்தைத்தான் தாங்கும், அந்த ஒரு முகத்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது நாமாகத் தேடினால்தான் தெரியும்.

இப்போது அந்தச் சதுரம் ஃபோனில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்னட்டை என்று ஒன்றே கிடையாது. திருப்பிப் பார்த்து யார் வாசித்தார்கள், யார் படம் எடுத்தார்கள் என்று படிக்கிற பழக்கம் போய்விட்டது. மிஞ்சியது முகம் மட்டும்தான். அதனால் அக்கா கேட்டது இப்போது முன்பைவிட அவசியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

படத்தைக் கழற்றிவிடலாமா என்று சில நாள் யோசித்தேன். கழற்றினால் போவது மைல்ஸ் இல்லை. அவர் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. போவது மறுபடி பிரான்சிஸ்தான். அதனால் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு அக்கா திரும்ப வந்தபோது, அவள் கேட்காமலே சொன்னேன்.

“பிரான்சிஸ் டெய்லர்க்கா. டான்ஸர். பிராட்வேல ஆடினவங்க.”

அக்கா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆடுற வீடியோ ஏதாவது இருக்கா?” என்றாள்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.