முதிரையில் கடைந்த எழுதுகோல்

திருக்குர்ஆனின் 68ஆம் சூறாவே ‘அல்கலம்’, அதாவது எழுதுகோல், எனப் பெயர் பெற்றிருக்க, அதன் மதிப்பைக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய, முஸ்லிம்கள் செறிந்து வாழும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த எழுதுகோலை மரத்திலும் கடையலாம். மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் பொறியில் பேனா செய்வோர் வாங்கும் உதிரிப்பாகத் தொகுதியில் பித்தளைக் குழாய், முனை, கவ்வி ஆகியவை வந்துவிட, மரவேலை மட்டுமே செய்பவரின் பங்காகிறது. கட்டையை நடுவே துளைத்து, குழாயைப் பசையிட்டுச் செருகி, இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவிய பின்பே கடைசல் தொடங்கும். இச்சீவலில் நேரும் சிறு பிழையும் பிற்பாடு மரத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இடைவெளியாகத் தெரியும்.

இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வளரும் முதிரை, பொன்னிறமும் பட்டின் மினுமினுப்பும் கொண்ட அடர்ந்த மரமாகையால், இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. தளபாடத் தச்சர் ஒதுக்கும் சாண் அளவுத் துண்டே ஒரு பேனாவுக்குப் போதும்.

முடிந்த பேனாவை மதிப்பிடுவோர் பளபளப்பில் மயங்காது, இணைப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கினால் கடைசல் குறையுடையது. மேல், கீழ்த் துண்டுகள் ஒரே கட்டையிலிருந்து வந்து, மரத்தின் இரேகைகள் அறுபடாமல் ஓடுவது தேர்ந்த கையின் அடையாளம். எபனைட் எனும், கந்தகமேற்றி இறுக்கிய இறப்பரிலிருந்து பேனாவின் உடலையே முழுமையாகக் கடையும், இந்தியாவின் திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் பட்டறைகளின் வேலை இதனினும் உயர்ந்ததே. எனினும், அடுப்புக்குப் போகும் முதிரைத் துண்டொன்றைக் கல்முனைத் தச்சர்கள் எடுத்து வைத்து, ஒரு பேனாவேனும் கடைந்து பார்க்க வேண்டும்.