நட்சத்திரச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டது யாரு?

ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பற்றி இணையத்தில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். "1959லேயே ஒரு மனுஷன் லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்ஜியம் வேண்டாம்னு சொன்னார். நாடு கேக்கல. 1991ல வேற வழியில்லாம கேட்டுது." இதுக்கு எதிர்க்கதையும் உண்டு: அது பணக்காரங்க கட்சி, ஏழை நாடு அதை ஒதுக்கித் தள்ளிடுச்சு. ரெண்டு தரப்பும் ஒரு இடத்தில் கை குலுக்கிக் கொள்கின்றன. மக்கள் முன்னால் ஒரு பொருளாதாரக் கொள்கை வைக்கப்பட்டது, மக்கள் அதற்குத் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதுதான் அந்த இடம்.

எனக்கு உதைப்பது இந்த அனுமானம்தான். அந்த ஓட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ரெண்டு கதையும் நிற்காது.

முதலில் கணக்கு. மக்களவைத் தேர்தலில் கட்சி 1962ல் 18 இடம், 1967ல் 44 இடம், 1971ல் 8 இடம் பிடித்தது. ஓட்டு விகிதம் முறையே சுமார் 7.9, 8.7, 3.1 சதவீதம். 1962க்கும் 1967க்கும் நடுவில் ஓட்டு ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, இடமோ ரெண்டரை மடங்கு. நாடு வலதுபக்கம் திரும்பியதால் வந்த பாய்ச்சல் இல்லை இது. காங்கிரஸ் ஓட்டு சரிந்ததும், எதிர்க்கட்சிகள் தொகுதிகளைப் பங்கு போட்டுக்கொண்டதும் சேர்ந்து கொடுத்த பலன்.

இப்ப அந்த 18 இடம் எங்கேன்னு பாருங்க. பிகார் 7, குஜராத் 4, ராஜஸ்தான் 3, உத்தரப்பிரதேசம் 3, ஆந்திரா 1. கட்சி பிறந்த சென்னை மாநிலத்தில் பூஜ்யம். வணிகத்தின் தலைநகரமான பம்பாய் இருந்த மகாராஷ்டிரத்திலும், கல்கத்தா இருந்த மேற்கு வங்கத்திலும் பூஜ்யம். 1967லும் அந்த ரெண்டு மாநிலத்திலும் அதே பூஜ்யம்தான். "பணக்காரங்க கட்சி"க்குப் பணக்கார நகரங்களில் ஒரு இடமும் இல்லை, காட்டுப் பகுதியிலும் பாலைவன ஓரத்திலும் இடம் கிடைத்தது என்றால் எங்கேயோ கணக்கு இடிக்குதில்லையா?

பிகாரின் 7 இடத்துக்கு விளக்கம் ஒரே பெயரில் இருக்கிறது: ராம்கர் ராஜா காமாக்யா நாராயண் சிங். இன்றைய ஜார்கண்டில் இருக்கும் ஹசாரிபாக் பக்கம் அவருக்குச் சொந்தமாக ஒரு கட்சியே இருந்தது. அதை சுதந்திராவோடு இணைத்தார். 1962ல் பிகார் சட்டமன்றத்தில் 50 இடம் வந்தது. அடுத்த தேர்தலுக்குள் அவர் வெளியே போனார். 1967ல் பிகாரிலிருந்து ஒரு மக்களவை இடமும் இல்லை. அஞ்சு வருஷத்தில் ஒரு மாநிலமே சந்தைப் பொருளாதாரத்தைக் கைவிட்டதா என்ன? ஓட்டு ராஜாவோடு வந்தது, ராஜாவோடு போனது.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962ல் பதிவான 2,46,516 ஓட்டில் 1,92,909 வாங்கினார். கோட்டாவையும் பெர்மிட்டையும் ஆராய்ந்து விழுந்த ஓட்டு அது என்று யாரும் வாதாட மாட்டார்கள்.

அதுக்காக "ராஜா சொன்னார், பிரஜை போட்டான்" என்று முடித்துவிடுவதும் சோம்பேறித்தனம். ஒடிசாவில் கணதந்திர பரிஷத் என்ற கட்சி 1962ல் சுதந்திராவில் கலந்தது. அதன் பலம் பழைய சமஸ்தானங்கள் இருந்த மேற்கு ஒடிசாவில், அதாவது பலாங்கீர், காலாஹாண்டி, சம்பல்பூர் பக்கம். தலைமையில் ராஜாக்கள் இருந்தது உண்மை. ஆனால் அந்த மக்களுக்கு வேறு கணக்கும் இருந்தது. ஆட்சி, அதிகாரம், வேலை எல்லாம் கட்டாக், பூரி என்று கடலோரத்துக்கே போகிறது என்ற குறை. ஹிராகுட் அணைக்காக ஊரும் வயலும் தண்ணீரில் போன வலி. 1967ல் 140 பேர் கொண்ட சட்டமன்றத்தில் சுதந்திரா 49 இடம் பிடித்து, பலாங்கீர் ராஜா ஆர்.என். சிங் தேவ் கூட்டணி முதல்வரானார். போட்டவர்களில் பலர் நாட்டிலேயே மிக ஏழைகள். அவர்கள் தங்கள் பகுதிக்காகப் போட்டார்கள்.

சரி, கொள்கைக்காக யாருமே போடவில்லையா? போட்டார்கள், அதுதான் சுவாரசியமான பகுதி. 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாக்பூரில் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. நிலம் கையை விட்டுப் போயிடுமோ என்ற பயம் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயிக்கு வந்தது. அதே ஜூனில் சென்னையில் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆந்திராவில் என்.ஜி. ரங்கா இந்த விவசாயியின் குரல். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பாட்டிதார்களின் பாய்லால்பாய் பட்டேல். அங்கேயும் ஓட்டு எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்தியது சத்திரியர் சபையோடு செய்த சேர்க்கைதான். பட்டேலும் சத்திரியரும் சேர்ந்த அந்தக் கணக்கு 1967ல் 12 மக்களவை இடம் கொடுத்தது.

ஆக, கொள்கைக்கு உண்மையான வாக்காளர் என்று யாராவது இருந்தால் அது இந்த நிலமுள்ள விவசாயிதான். ஆனால் அவர் கேட்டது "என் நிலத்தில் கை வைக்காதே" என்பது மட்டுமே. "அரசே, விலகி நில்" என்று அவர் கேட்கவே இல்லை. வாய்க்கால், உரம், நல்ல விலை எல்லாம் அரசிடமிருந்துதான் வேண்டும். கூட்டுப் பண்ணை பேச்சோடு நின்றது. 1965ல் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் வந்தன. பயம் போனது, கூடவே கட்சியின் தேவையும் போனது.

நம்ம ஊர்க் கதை இன்னும் தெளிவு. 1962 சட்டமன்றத் தேர்தலில் பெருமளவு தன் பலத்தில் நின்று சுமார் 7.8 சதவீத ஓட்டு, 6 இடம். 1967ல் திமுக கூட்டணியில் குறைவான தொகுதிகளில் நின்று சுமார் 5.3 சதவீதம், 20 இடம். கூடவே 6 மக்களவை இடம். அந்த வெற்றியைத் தூக்கிக் கொடுத்தது அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் திமுகவின் தெருமுனைக் கூட்டங்களும். அந்த ஓட்டைச் சந்தைக்கான ஓட்டாக எண்ண முடியாது.

1971ல் மிஞ்சிய 8 இடம் ராஜஸ்தான் 3, ஒடிசா 3, குஜராத் 2. அந்த வருஷக் கடைசியில் மன்னர் மானியம் ஒழிந்தது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974ல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். தொகுதி முடிவு "எங்கே" என்பதைத்தான் சொல்லும், "யார்" என்பதை நாம் ஊகிக்கிறோம். ஆனால் ஊகிக்கிறவர் வரைபடத்தையாவது பார்த்துவிட்டு ஊகிக்கலாம். ராஜாஜியின் பொருளாதாரம் சரியா தப்பா என்பது தனி விவாதம், தாராளமாக நடக்கட்டும். அதற்கு இந்த மூன்று தேர்தலையும் சாட்சிக்கு யாரும் கூப்பிட முடியாது. தனக்கென ஒரு வாக்காளர் கூட்டத்தைத் திரட்டாமல், ராஜாவிடமும் சாதிச் சங்கத்திடமும் கூட்டணித் தலைவரிடமும் கடன் வாங்கித் தேர்தலைச் சந்தித்த கட்சி அது. கடன் கொடுத்தவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கொள்கையை மக்கள் ஏற்றார்களா, மறுத்தார்களா? அந்தக் கேள்வி அவர்களிடம் நேராகப் போய்ச் சேரவே இல்லை.