விண்டால் தெரியும் உருண்டையின் பக்குவம்

கோலா உருண்டைக் குழம்பைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் கறியைத்தான் பாராட்டுகிறார்கள். இளங்கறியா, கொழுப்பு சேர்ந்த கறியா என்று கேட்பார்கள். பொட்டுக்கடலை குறைவாகப் போட்டிருந்தால் 'சுத்தமான உருண்டை' என்று மெச்சுவார்கள். வாயில் வைத்த உருண்டை ரப்பர் போல எகிறினால் அந்தச் சுத்தத்தால் என்ன பயன்? உருண்டைக் குழம்பு ஒரு கொடுக்கல் வாங்கல். கறியின் சாற்றை உள்ளே இருக்கும் மாவு வாங்க வேண்டும். குழம்பை உருண்டை வாங்க வேண்டும். இரண்டையும் இலையில் இருக்கும் சோறு வாங்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது நல்ல உருண்டைக் குழம்பு. மூன்றாவது வேலையை, நாம் தினமும் வடிக்கும் அரிசிச் சோற்றைவிட ஜவ்வாது மலைச் சாமைச் சோறு நன்றாகச் செய்கிறது. இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கலாம் என்பது தெரியும். அதனால் காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உருண்டைக் குழம்புக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த நாடு சுவீடன். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்த கொத்துக்கறியில், பாலில் ஊறிய ரொட்டித் தூளைப் பிசைந்து, ஆல்ஸ்பைஸ் என்ற ஒற்றை மசாலாவைத் தூவி, சின்னச் சின்னதாக உருட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். பொரித்த சட்டியில் ஒட்டிக்கொண்ட கறிப் பிசுக்கைக் கறித்தண்ணீர் விட்டுக் கரைத்து, பாலேட்டைச் சேர்த்தால் அதுதான் குழம்பு. பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கும், லிங்கன்பெரி என்ற புளிப்புப் பழத்தின் ஜாமும் இருக்கும். 1755-ல் காய்சா வார்க் எழுதிய புகழ்பெற்ற சமையல் நூலிலேயே இந்த வகை உருண்டை இடம்பெற்றுவிட்டது. ஆனால் 2018-ல் சுவீடனின் அதிகாரபூர்வ ட்விட்டர் பக்கமே, இந்தப் பக்குவம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 12-ஆம் சார்லஸ் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதி, அந்நாட்டு மக்களைத் திகைக்க வைத்தது. 1709-ல் பொல்தாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற அந்த மன்னர், 1714 வரை உஸ்மானியப் பேரரசின் மண்ணில் தஞ்சம் புகுந்திருந்தது வரலாறு. குறிப்பு அவருடைய மூட்டையில்தான் வந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. வந்திருந்தாலும் வராவிட்டாலும், அந்த உணவு சுவீடனுடையதாக நிலைத்ததற்குக் காரணம் கறி இல்லை. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் சுவீடனின் ஐகியா கடை திறந்தபோது மாடும் இல்லை, பன்றியும் இல்லை. கோழி உருண்டையும் காய்கறி உருண்டையுமே தட்டுக்கு வந்தன. அப்போதும் மக்கள் அதைச் சுவீடன் உருண்டை என்றே கேட்டு வாங்கினார்கள். கறி மாறியபோதும் உருண்டை, வெண்மையான குழம்பு, கிழங்கு, புளிப்பு என்ற சேர்மானம் மாறவில்லை. அந்தச் சேர்மானத்துக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் கோலா உருண்டையில் ரொட்டித் தூளின் இடத்தில் பொட்டுக்கடலை இருக்கிறது. 'கறியை மிச்சம் பிடிக்கத்தான் மாவு' என்பது நம்மிடையே வேரூன்றிய சந்தேகம். கடைச் சமையலில் அப்படி நடக்கவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மாவு இல்லாத உருண்டைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசையும்போது கறியில் உள்ள புரதம் கரைந்து பிசுபிசுப்பாகிறது. அதுதான் உருண்டையைச் சேர்த்துப் பிடிக்கிறது. சூடு ஏறும்போது அதே புரதம் இறுகிச் சுருங்கி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. சாறு எண்ணெயில் போய்விடும், சக்கை நம் பல்லில் மாட்டும். இடையில் பொட்டுக்கடலை மாவு இருந்தால் அது இறுக்கத்தைத் தடுக்கிறது, பிழிந்து வரும் சாற்றைத் தானே குடித்துக்கொள்கிறது. வறுத்த கடலை என்பதால் பச்சை வாடையும் வராது. 500 கிராம் கொத்துக்கறிக்கு 75 கிராம் போதும். 100-ஐத் தாண்டினால் உருண்டை போண்டாவாகிவிடும். பிசைவதிலும் அளவு உண்டு. சோம்பும் தேங்காயும் சின்ன வெங்காயமும் எல்லா இடத்திலும் பரவினால் போதும். அதற்குமேல் சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் மாவு போட்டும் பலனில்லை. வாழைநாரில் கட்டிப் பொரிக்கிற பழக்கம் சில வீடுகளில் இருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நார் வெளியிலிருந்து பிடித்துக்கொள்வதால் உள்ளே அழுத்திப் பிசைய வேண்டிய தேவை குறைகிறது. எல்லாமே ஒரே நோக்கத்துக்காகத்தான்: கையில் எடுத்தால் நிற்க வேண்டும், விண்டால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

'மொறுமொறுவென்று பொரித்த உருண்டையைக் குழம்பில் போட்டு ஊறவைப்பது அநியாயம், அப்படியே தின்பதே சுகம்' என்பார்கள் சிலர். பொரித்த கோலா தனி இன்பம்தான். ஆனால் மொறுமொறுப்புக்கு ஆயுள் பத்து நிமிடம். பொரித்ததில் கிடைத்த நிறமும் மணமும் குழம்பில் விழுந்த பிறகும் அழிவதில்லை. குழம்புக்குள் கரைந்து வேலை செய்கின்றன. அதற்குக் குழம்பு தகுதியாக இருக்க வேண்டும். சுவீடன்காரர்கள் பாலேட்டால் செய்வதை நாம் தேங்காயும் கசகசாவும் சோம்பும் நாலு முந்திரியும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்துச் செய்கிறோம். கசகசா குழம்பைக் கெட்டிப்படுத்தும், ஆனால் களிம்பாக்காது. அதனால்தான் சோளமாவோ மைதாவோ கரைத்து ஊற்றிய குழம்பை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடுகிறது. தேங்காய்ப் பால் விடுவதானால் முதல் பாலைக் கடைசியில் விட்டு, ஓரம் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து போகும். புளிப்பு அவசியம். ஆட்டுக் கொழுப்பு நாக்கில் படியும் தன்மையுள்ளது. அதை அறுக்கத்தான் சுவீடனில் அந்தப் பழ ஜாம். நமக்குத் தக்காளி இருக்கிறது. ஒரு சுளை புளியும் கரைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஜவ்வாது மலையில் சாமைக்கு அடுத்தபடி மக்கள் கையில் காசு பார்க்க வைக்கும் பொருள்களில் புளியும் ஒன்று என்பதால், அந்தச் சுளையையும் அங்கிருந்தே கொண்டுவரலாம்.

சோற்றுக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் வானாய்வகத்தால் தெரிந்த மலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ அது சாமை விளையும் மலை. பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. சாமை மானாவாரிப் பயிர். சரிவான நிலத்தில், மழையை மட்டும் நம்பி, மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிடும். மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இந்தச் சின்ன உருவம்தான் என் வாதத்துக்கு ஆதாரம். ஒரு கைப்பிடி பொன்னிச் சோற்றைவிட ஒரு கைப்பிடி சாமைச் சோற்றில் மணிகள் பல மடங்கு அதிகம், ஆகவே குழம்பு ஒட்டும் பரப்பும் அதிகம். கெட்டியான தேங்காய்க் குழம்பு பெரிய அரிசியின்மேல் போர்வையாகப் படுத்துக்கொள்ளும்; சாமையில் ஒவ்வொரு மணிக்கும் இடையில் புகுந்துவிடும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மலைக்கு வடமேற்கே பாலாற்றங்கரையில் ஆம்பூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பிரியாணிக்குப் பாசுமதியைத் தேடாமல் சீரகச் சம்பாவைப் பிடித்துக்கொண்டது ஏன்? சின்ன அரிசி மசாலாவை நன்றாக வாங்கும் என்பதால்தான். ஆம்பூர் ஒப்புக்கொண்ட அதே நியாயத்தை இன்னும் ஒரு படி மேலே, மலைக்கு ஏற்றிச் சொல்கிறேன்.

'மலைமேல் யார் கோலா உருண்டை செய்கிறார்கள்? அவர்கள் களிக்காரர்கள் ஆயிற்றே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாமைக் களியும் கேழ்வரகுக் களியும்தான் அங்கே பழகிய உணவு. அவித்த மொச்சைக் குழம்பிலோ கோழிக் குழம்பிலோ களி உருண்டையைத் தொட்டு, மெல்லாமல் விழுங்குவார்கள். அது வேறொரு ருசி, வேறொரு இலக்கணம். களியில் குழம்பு வெளியே நிற்கும், சோற்றில் உள்ளே இறங்கும். கறி உருண்டை கடிபடும் பொருள் என்பதால் அதற்குச் சோறே பொருத்தம். கோலா உருண்டை தெற்கத்திச் சமையல் என்பதும், அதைச் சாமையோடு சேர்ப்பது புதிய உறவு என்பதும் உண்மைதான். மன்னர் கதை மெய்யோ பொய்யோ, உருண்டை என்ற உணவே ஊர் ஊராகப் போய் அங்கங்கே கிடைத்த மாவோடும் கிழங்கோடும் சம்பந்தம் செய்துகொண்டு வளர்ந்தது. கோஃப்தா என்ற சொல்லே பாரசீகத்தில் 'இடித்தது' என்ற பொருள் கொண்டது. இடித்த கறியை எங்கு கொண்டுபோனாலும் அந்த மண்ணின் தானியம் அதற்குத் துணை போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய தடை வேறு இருக்கிறது. சாமை என்றதும் நம் நினைவுக்கு வருவது சர்க்கரை நோய். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு முழுக்க நார்ச்சத்தும் இரும்புச்சத்தும்தான் பேசப்பட்டன; ருசியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மருந்தாகச் சாப்பிடுகிற பொருளை யாரும் ஆசையோடு சமைப்பதில்லை. குழைத்துப் பொங்கலாக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கி, ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மலையிலும் ரேஷன் அரிசி வந்த பிறகு சாமை வீட்டுச் சோறாக இருந்த நிலை மாறி, விற்கும் பொருளாகிவிட்டது. விளைவிக்கிறவர்கள் சாப்பிடுவது குறைந்து, வாங்குகிறவர்களும் மருந்தாக மட்டும் பார்த்தால், அந்தப் பயிருக்கு நிலையான வாழ்வு எங்கிருந்து வரும்? ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்போடு ஒரு தானியம் இலையில் ஏறினால்தான் அது வீட்டுக்குள் நிலைக்கும். சாமை சப்பென்று இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் தப்பாக வடித்ததைச் சாப்பிட்டவர்கள்.

சாமையை வடிப்பதில் அவசரம் உதவாது. முதலில் அரிக்க வேண்டும். நெல்லரிசியில் கல் கிடப்பது இன்று அபூர்வம். சாமையில் மணியும் மணலும் ஒரே அளவு என்பதால் கண்ணால் பொறுக்க முடியாது. பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கையால் லேசாகச் சுழற்றிக்கொண்டே பக்கத்துப் பாத்திரத்தில் சாய்த்தால், தானியம் தண்ணீரோடு மிதந்து போகும். மணல் அடியில் தங்கி, கடைசி வாய்த் தண்ணீரில் சரசரக்கும். இப்படி மூன்று முறை. பிறகு அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, மூடி பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். குக்கரில் விசில் விட்டால் குழைந்துவிடும். குழைந்த சாமைக்கும் கெட்டிக் குழம்புக்கும் ஒத்துவராது. மூடியைத் திறக்கும்போது மணிகள் தனித்தனியாக நிமிர்ந்து நிற்பதும், வைக்கோலை நினைவூட்டும் மெல்லிய மணம் வருவதும் நல்ல அடையாளம்.

சாப்பிடும் விதத்துக்கும் ஒரு வரிசை உண்டு. உருண்டைகளைக் குழம்பில் போட்டு, குறைந்தது கால் மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள். சோற்றில் பாத்தி கட்டிக் குழம்பை மட்டும் விட்டு, முதல் இரண்டு வாய் உருண்டை இல்லாமல் சாப்பிடுங்கள். சோம்பு முன்னால் வர வேண்டும், தேங்காய் நடுவில், புளிப்பு கடைசியில். பிறகு ஒரு உருண்டையை எடுத்து இரண்டு விரலால் விண்டு பாருங்கள். அழுத்தாமலே பிளந்தால் பக்குவம் சரி. நழுவி ஓடினால் அதிகம் பிசைந்திருக்கிறார்கள். தூளாக உதிர்ந்தால் மாவு அதிகம். பிளந்த முகத்தை ஒரு நொடி கவனியுங்கள். வெளி ஓரம் பழுப்பாகப் பொரிந்திருக்கும். அதற்கடுத்து மெல்லிய வளையமாகக் குழம்பு இறங்கிய ஈரம். நடுவில் கறியின் சொந்தச் சாறு மினுங்கும். நடுவரை குழம்பின் நிறம் ஏறிவிட்டால் உருண்டைக்கு ருசி போய்விட்டது என்று பொருள். ஒரு உருண்டையை நான்கு வாய்க்கு நிரவிச் சாப்பிடுவதே கணக்கு. முழுசாக வாயில் போட்டால் சோற்றுக்கு இடமில்லை. ஆறவிடவும் கூடாது, ஆட்டுக் கொழுப்பு ஆறினால் இறுகி மேலண்ணத்தில் ஒட்டும், சாமையும் விறைக்கும். கறி சாப்பிடாதவர்களுக்கு இந்த வரிசையில் எதுவும் குறைவில்லை. பருப்பு உருண்டைக் குழம்பில் கொரகொரப்பாக அரைத்த கடலைப் பருப்பு கறியின் இடத்தில் இருக்கிறது. ஆவியில் வெந்த அந்த உருண்டை குழம்பை இன்னும் தாராளமாகவே வாங்கும்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வராதீர்கள். வெள்ளைவெளேரென்று தீட்டிய சாமையை விட்டுவிட்டு, லேசாகப் பழுப்பேறிய சாமையில் ஒரு கிலோவும், புதுப் புளி கொஞ்சமும் கேட்டு வாங்குங்கள். கொத்துக்கறி உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.