ரைசர் ஒருமுறை, லிம்ப் பலமுறை

நுனி வெளிப்புறமாக வளைந்த ரீகர்வ் வில்லின் கீழ் லிம்பை, அதாவது வளையும் கீழ்க்கையை, வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால், பிடியை ஒட்டிய உட்பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துவரி தெரியும். 62 அங்குலம், 40 பவுண்டு, 28 அங்குலம் என்று மூன்று எண்கள். வில் வாங்க வருகிற பலரும் நடுவிலுள்ள எண்ணை மட்டும் படித்துவிட்டுத் தோளை நிமிர்த்துகிறார்கள். நிதானமாகப் படிக்க வேண்டியது கடைசி எண்ணை. நாணை 28 அங்குலம் இழுத்தால்தான் அந்த 40 பவுண்டு விசை கிடைக்கும். குறைவாக இழுத்தால் குறையும், கூடுதலாக இழுத்தால் கூடும்.

ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ள ஒருவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல்நுனி முதல் விரல்நுனி வரை ஏறக்குறைய 67 அங்குலம் வரும். அதை இரண்டரையால் வகுத்தால் 27-க்குச் சற்றுக் கீழே நிற்கும். அவருடைய இழுநீளம் உத்தேசமாக அவ்வளவுதான். முழு இழுப்பை நெருங்கும் இடத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டிலிருந்து மூன்று பவுண்டு ஏறும் என்பதால், அவர் கையில் அந்த வில் 37 பவுண்டு வில். 30 அங்குலம் இழுக்கும் நெட்டையான நண்பரிடம் கொடுத்தால் அதே வில் 45 பவுண்டு. எழுதியிருப்பது ஒன்று, தோள் சுமப்பது வேறொன்று.

இந்த 28 அங்குலக் கணக்கை வகுத்தது ஏ.எம்.ஓ. என்று அறியப்பட்ட அமெரிக்க வில் தயாரிப்பாளர் சங்கம். அம்பின் குதைப் பள்ளத்திலிருந்து பிடியின் மிக ஆழமான இடம் வரை அளந்து, அதனுடன் ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டினால் வருவதுதான் அவர்கள் சொல்லும் இழுநீளம். வில்லின் நீளத்துக்கும் அதே சங்கத்தின் வழக்கு உண்டு: 62 அங்குல வில்லுக்கு 59 அங்குல நாண். கடையில் நாண் கேட்கும்போது வில்லின் நீளத்தைச் சொல்லுங்கள். நாணின் நீளத்தைச் சொன்னால் மூன்று அங்குலம் குறைந்த நாண் கைக்கு வந்துசேரும். இந்த இரண்டு அளவையும் மனதில் பதித்துக்கொண்டால், வில்லாளர்களிடையே உள்ள மூன்று பள்ளிகளின், அதாவது மூன்று மரபுகளின், வாதங்களைக் குழப்பமில்லாமல் கேட்கலாம்.

நான் சொல்லவந்தது லிம்பைக் கழற்றி மாட்டும் வில்லைப் பற்றி. அது நேற்று வந்த பொருளல்ல. முகலாயர் காலத்து இந்திய எஃகு வில்களில் சில, பிடியின் நடுவே மரை போட்டு இரண்டாகக் கழலும்படி செய்யப்பட்டவை. அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. குதிரை வண்டியில் எடுத்துச் செல்வதற்கென்றே இங்கிலாந்தில் இரண்டு துண்டு வில் செய்தார்கள். ஆனால் நடுவில் ரைசர் என்ற பிடிக்கட்டை, மேலும் கீழும் இரண்டு லிம்ப் என்று இன்று நாம் கையில் பிடிக்கும் மூன்று துண்டு வில் அமெரிக்காவில்தான் நிலைபெற்றது. மேப்பிள் மரத்தகடுகளின் இருபுறமும் கண்ணாடியிழையை ஒட்டிய லிம்ப், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. மரம் மட்டும் தாங்க முடியாத வளைவை அது தாங்கியது. அதனால் லிம்பைக் குட்டையாக்கி, நடுக்கட்டையைத் தனியே பிரிக்க வழி பிறந்தது.

முதல் பள்ளி வேட்டைக்காரர்களுடையது. அதன் குருமரபைச் சொல்லாமல் வில்லைப் பற்றிச் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் யாஹி இனத்தின் கடைசி மனிதராக எஞ்சிய இஷி, தன் வில்வித்தையை சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்குக் காட்டிக்கொடுத்தார். 1916-இல் இஷி காலமானார். போப் தம் தோழர் ஆர்ட் யங்குடன் அந்த வித்தையைத் தொடர்ந்தார். யங் அலாஸ்காவில் வேட்டையாடிய திரைப்படத்தைப் பார்த்து வில்லைக் கையில் எடுத்தவர் ஃப்ரெட் பேர். அவர் 1933-இல் டெட்ராய்ட்டில் தொழில் தொடங்கினார், பிறகு மிச்சிகனின் கிரேலிங் என்ற சிற்றூருக்குப் பட்டறையை மாற்றினார். 1970-ஐ ஒட்டி அவர் வெளியிட்ட டேக்-டவுன் வில்லில் ரைசருக்கு ஏ, பி, சி என்று மூன்று அளவுகள். லிம்பை மாட்டத் திருப்புளி வேண்டாம்; ஒரு தாழ்ப்பாள் போன்ற பூட்டை விரலால் அழுத்தினால் போதும். அலாஸ்காவுக்குச் சிறுவிமானத்தில் போகிறவனுக்கு முழுநீள வில் எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அனுபவித்தவர் செய்த வில் அது.

இந்தப் பள்ளியின் வில் குட்டையானது. 56 முதல் 62 அங்குலம் வரை, புதருக்குள் குந்தி உட்கார்ந்தாலும் கிளையில் இடிக்காத நீளம். அம்பு, ரைசரில் வெட்டிய தட்டின் மீதே, ஒரு துண்டு தோலின் மேல் படுக்கும். குறிகாட்டி கிடையாது. பேர் தாமே, கண் இலக்கில் நிற்க உடம்பு தானாக எய்யும் முறையைப் பின்பற்றினார். பந்து எறிகிறவர் கையைப் பார்ப்பதில்லை, அது போல. ஃப்ரெட் பேரின் வில்லில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான்: அந்தப் பூட்டுக்கென்றே செய்த லிம்ப்தான் சேரும், மற்றவை சேராது.

இதே பள்ளியின் எளிய பிள்ளைதான், லிம்பைத் திருகாணியால் இறுக்கும் மரரைசர் வில். கொரியாவின் சாமிக் நிறுவனத்தின் சேஜ் என்ற 62 அங்குல வில்லைப் பெயர் சொன்னால் அனுபவமுள்ளவர் எல்லாரும் தலையாட்டுவார்கள். 25 பவுண்டிலிருந்து 60 வரை ஐந்தைந்தாக லிம்ப் கிடைத்ததால், உலகம் முழுவதும் எத்தனையோ பேருக்கு அது முதல் வில்லாக அமைந்தது.

இரண்டாவது பள்ளி இலக்கு வில்லாளர்களுடையது. அதன் பெரிய பெயர் ஏர்ல் ஹொய்ட். 1931-இல் செயின்ட் லூயிஸில் தந்தையும் மகனுமாகத் தொடங்கிய பட்டறை அது. 1920-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லாதிருந்த வில்வித்தை, 1972-இல் மியூனிக்கில் திரும்பி வந்தது. அதன் பிறகு இலக்குக் களத்தில் உலோக ரைசரும் கழற்றி மாட்டும் லிம்பும் வழக்கமாகிவிட்டன. ஹொய்ட் வகுத்த லிம்ப் இணைப்பு முறையைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொள்ள, அதுவே ஐ.எல்.எஃப். என்ற பொது அளவாக நிலைத்தது. இந்தக் கலையில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள நிகழ்ச்சி இதுதான். ஒரு நாட்டு ரைசரில் இன்னொரு நாட்டு லிம்ப் கிளிக் என்று உட்காருகிறது.

17, 19, 21, 23, 25, 27 அங்குலத்தில் ரைசர்கள். குட்டை, நடுத்தரம், நெட்டை என்று லிம்புகள். 25 அங்குல ரைசரில் நடுத்தர லிம்ப் போட்டால் வில் 68 அங்குலம். அதே லிம்பை 19 அங்குல ரைசரில் போட்டால் 62, 17-இல் போட்டால் 60. ஒரே ஜோடி லிம்ப் காலையில் இலக்கு வில், மாலையில் காட்டு வில். லிம்பின் அடியிலுள்ள போல்ட்டைத் திருகினால் விசையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட்டலாம், குறைக்கலாம்.

உலோக ரைசர் பிடித்தால் மரபு கெட்டுவிட்டது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. குறிகாட்டி இல்லாமல், விரலால் நாணை இழுத்து, தன் கண்ணையும் முதுகையும் நம்பி எய்வதில்தான் மரபு இருக்கிறது. இத்தாலியரும் சுவீடன்காரரும் பேர்போ என்ற குறிகாட்டியில்லாப் பிரிவில் காட்டும் திறமையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அந்தப் பிரிவின் உலக விதி அழகானது: நாண் கழற்றிய வில், அதில் மாட்டிய எடைகளோடு சேர்த்து, 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்துவர வேண்டும். நுழைந்தால் பேர்போ, நுழையாவிட்டால் இல்லை. வேறு சில அமைப்புகளின் மரபுப் பிரிவுகளில் கட்டுப்பாடுகள் வேறு. போட்டி எண்ணம் உள்ளவர் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.

மூன்றாவது பள்ளி, வில்லை ஒவ்வொன்றாகச் செய்யும் கைவினைஞர்களுடையது. மிசூரியின் பிளாக் விடோ போன்ற பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. உள்ளங்கை அளவு, இழுநீளம், மரத்தின் நிறம் எல்லாம் கேட்டுச் செய்து தருவார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் வில்லாக இதை வாங்காதீர்கள். உங்கள் கை என்ன கேட்கிறது என்று உங்களுக்கே தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

பள்ளிகள் இத்தனை இருந்தாலும், வில்லை முடிவுசெய்வதில் பெரும்பங்கு விரல்களுக்கு. அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு என்று பிடிப்பது ஒரு முறை. மூன்றையும் அம்புக்குக் கீழே வைப்பது இன்னொரு முறை. முதல் முறைக்கு, நாணுக்கும் மேல் லிம்பின் அடிக்கும் உள்ள இடைவெளி, கீழ் லிம்பினுடையதைவிட எட்டில் ஒரு அங்குலமோ கால் அங்குலமோ கூடுதலாக இருந்தால் வில் சமமாக வேலைசெய்யும். மூன்றும் கீழே என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இடைவெளி வித்தியாசத்தைத்தான் டில்லர் என்கிறோம். ஐ.எல்.எஃப். வில்லில் போல்ட்டைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். திருகாணி வில்லில் செய்தவர் வைத்ததுதான். தூரத்துக்குத் தக்கபடி விரலை நாணில் கீழே நகர்த்திக் குறிபார்க்கும் முறைக்கு 66 அங்குலத்துக்குக் குறைந்த வில்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அம்புமுனைக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு எய்பவர்கள், இழுநீளம் 28-க்குள் இருந்தால், 62 அங்குல வில்லோடு நிம்மதியாக இருக்கலாம்.

இனி நம் நாட்டு விஷயம். அமெரிக்கப் புத்தகங்கள் 45, 50 பவுண்டு என்று பேசுவதற்குக் காரணம் மான் வேட்டை. அங்கே பல மாநிலங்களில் மானுக்கு 35 அல்லது 40 பவுண்டு குறைந்தபட்சம் என்று சட்டமே உண்டு. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தேவையே எழவில்லை. நம் இலக்கு வைக்கோல், ஃபோம், காகிதம். 18 மீட்டரில் அதைத் துளைக்க 25 பவுண்டு தாராளம். தேவையில்லாத எடையை வேறொரு நாட்டின் காட்டுக்காக நாம் ஏன் தோளில் சுமக்க வேண்டும்?

நான் சுமந்தேன். முதல் வில்லுக்கு ஒரு கடையில் நின்றபோது, "ஆம்பளைங்களுக்கு அம்பதுதான் சார்" என்றார்கள். நம்பினேன். மூன்றே மாதத்தில் நாணைத் தாடைக்குக் கொண்டுவருமுன்பே விரல்கள் தாமாக விட்டுவிடும் நிலைக்கு வந்தேன். நங்கூரம் என்று நாங்கள் சொல்லும் அந்த இடத்தை, வாயோரத்தில் நடுவிரல் தொடும் இடத்தை, என் கை எட்டவே இல்லை. களத்தில் மூத்தவர் ஒருவர் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தார். "ரைசர் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதை வச்சுக்குங்க. லிம்பை மட்டும் கழட்டுங்க" என்று தம் பையிலிருந்து 28 பவுண்டு லிம்ப் ஜோடியை எடுத்து என் ரைசரில் மாட்டினார். நாணேற்றும் கயிற்றைக் காலடியில் போட்டு, வில்லை மெதுவாகத் தூக்கி, மேல் குதையில் நாண் உட்கார்ந்ததை விரலால் தடவிச் சரிபார்த்து என்னிடம் தந்தார். அன்றைக்கு முதல்முறையாக நாண் என் வாயோரத்தில் இரண்டு வினாடி நின்றது. எய்யாமல் இறக்கினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி நின்றது. கழற்றி மாட்டும் வில் எதற்கு என்று எனக்கு விளங்கிய நாள் அது.

ஆகவே ரைசரை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். அழுத்தம் கட்டைவிரலின் அடிச்சதையில் விழ வேண்டும், உள்ளங்கையின் நடுவில் விழுந்தால் வில் திரும்பும். லிம்பில் சிக்கனம் காட்டலாம், அது மாறப்போகிற பொருள். பழைய வில் என்றால் நாணேற்றி, பின்னாலிருந்து நாணோடு கண்ணை வைத்துப் பாருங்கள்: நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் ஓட வேண்டும், ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் விலை பேசாதீர்கள். நுனி வலுவூட்டப்படாத பழைய லிம்புக்கு டாக்ரான் நாண் மட்டுமே போடலாம்; நீளாத புதுவகை நாண் அதன் நுனியைப் பிளந்துவிடும். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள், பசை இளகும். அம்பில்லாமல் ஒருபோதும் நாணை விடாதீர்கள்.

அம்பை உடனே வெட்டிவிடவும் வேண்டாம். அம்பில் 500 என்று எழுதியிருந்தால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் ஏறக்குறைய 880 கிராம் தொங்கவிடும்போது அது அரை அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் கூடினால் அம்பு நெகிழ்வானது. லிம்ப் மாறினால் அம்பும் மாற வேண்டியிருக்கும்; முழுநீளமாக விட்டுவைத்தால் பின்னர் வெட்டிச் சரிசெய்ய இடம் இருக்கும்.

அந்த 28 பவுண்டு லிம்பை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது மூத்தவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்து வருகிறவருக்குக் கொடுங்கள் என்றார். இதுவரை நான்கு பேர் கையில் அது இருந்துவிட்டது. உங்களிடமும் எடை கூடி வளர்ந்தபின் பையில் சும்மா கிடக்கிற லிம்ப் ஜோடி இருக்கும். அதைக் களத்துக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக வருகிறவரின் ரைசரில் நீங்களே மாட்டிக்கொடுங்கள்.