பட்டமும் ஜமாவும்

கல்லூரி முடித்ததும் மேடைதான் பிழைப்பு என்று கிளம்பும் திருவண்ணாமலைப் பிள்ளைகள் பெரும்பாலும் சென்னை பஸ்தான் ஏறுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ந. முத்துசாமி 1977இல் அங்கே தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எனப் பலர் சினிமாவுக்குப் போனார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதியவர். ஆனால் அந்தப் பட்டறை நடிகர்களுக்குத் தெருக்கூத்தின் அடவும் பாட்டும் சொல்லிக்கொடுத்த கண்ணப்ப தம்பிரான் இதே மாவட்டத்துப் புரிசைக்காரர்.

நாடகமா, இசையா என்று கூத்தில் யாரும் கேட்பதில்லை. வேஷம் கட்டியவனே பாட வேண்டும்; முகவீணையும் ஆர்மோனியமும் ஏறும் சுருதிக்கு விடியும்வரை தொண்டை தாங்க வேண்டும். புதிதாக வருபவன் பின்பாட்டில் நிற்பான், சில்லறை வேஷம் கட்டுவான். அர்ச்சுனனும் துரியோதனனும் கைக்கு வரப் பல வருஷமாகும். பங்குனி தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. சாவு வீட்டுக் காரியத்துக்குக் ‘கர்ண மோட்சம்’ கேட்டு வருவார்கள். தாம்பூலம் வைத்து முன்பணம் தருவார்கள், விடிந்தால் கணக்குத் தீரும். மழைக்காலத்தில் மட்டும் வேறு கூலி தேட வேண்டும். பார்வையாளர் தானாகக் கூடும் நாடகத் தொழில் தமிழ்நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

படித்தவர்கள் இதை வேலையாகவே எண்ணுவதில்லை. ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் கதவும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சொந்தமும் சாதியும் குறுக்கே நிற்கும். பெண் வேஷத்தையும் ஆணே கட்டுவது வழக்கம். பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் காஞ்சிபுரம் அருகே 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்போடு கூத்தைக் கற்பித்தது. 2020இல் அது மூடப்பட்டது பெரிய இழப்பு.

முறையான படிப்பு வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. திருவண்ணாமலையிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி, மூன்று வருஷச் சான்றிதழ். நாதசுரம், தவில், தேவாரம் படித்தவருக்குக் கோயில் பணி என்றொரு வழி உண்டு. அருணகிரிநாதர் பாடிய ஊரில் அது சின்ன விஷயமில்லை. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகசவின் கலை இரவுகள் மேடை தரும், கைதட்டலும் தரும். சம்பளம் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

வெளியார் கண்ணுக்குக் கூத்தின் மதிப்பு தெரிந்துதான் இருக்கிறது. 2016இல் பாரிஸில் நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் தன் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காகப் புரிசை சம்பந்தன் தம்பிரானிடம் தன் நடிகர்களைக் கூத்துப் பழக வைத்தார். பாரி இளவழகன் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்தை வைத்தே 2024இல் ‘ஜமா’ படம் எடுத்தார்.

சென்னைக்குப் போகும் தம்பிகளே, தங்கைகளே, போங்கள். அதற்கு முன் ஒரு பங்குனியில் ஏதாவதொரு ஜமா வாத்தியாரைப் பார்த்து, இந்த சீசன் முழுக்கப் பின்பாட்டுக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.