சோப்பும் ஒரு மருந்துதான்

மாடித்தோட்டக்காரர்களிடையே கைமாறும் பூச்சிவிரட்டிக் குறிப்பு எதை எடுத்தாலும், தெளிப்பதற்கு முன் கொஞ்சம் காதி சோப் கரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே முடியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., பஞ்சகவ்யா 30 மி.லி., மீன் அமிலம் 5 மி.லி. என்று கறாராக அளவு சொல்கிறவர்கள் சோப்புக்கு வந்ததும் 'கொஞ்சம்' என்று நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு வெறும் துணை, வேலை செய்வது வேம்பு என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். இந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து. அதனால் கருகிப்போன இலைகளும் உண்டு, பலன் தராத மருந்துக்குக் கிடைத்த பாராட்டும் உண்டு.

சோப்பு போன்ற பரப்பும் பொருள் நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை இலையிடமே கேட்கலாம். முட்டைக்கோஸ் இலையிலோ சேம்பு இலையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாகத் திரண்டு, இலை அசைந்ததும் உருண்டு ஓடிவிடும். வெங்காயத் தாளிலும் அப்படித்தான். பீன்ஸ் இலையில் விட்டால் சொட்டு தட்டையாகிப் படுத்துக்கொள்ளும். ஒரே செடியிலேயே கொழுந்திலிருந்து வழுக்கி ஓடும் நீர், வெயிலிலும் தூசியிலும் மெழுகு தேய்ந்த முற்றிய இலையில் நிற்கும். தண்ணீருக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இழுவிசை அதிகம். அறை வெப்பநிலையில் மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பும் சலவைத் திரவங்களும் அதை முப்பதுகளுக்கு இறக்கிவிடும். சிலிக்கான் வகைகள் இருபதை ஒட்டிக் கொண்டுபோய்விடும். இழுவிசை குறைந்தால் சொட்டு பரவும், சுணை அடர்ந்த கத்தரி இலையின் அடிப்புறத்திலும் மாவுப்பூச்சியின் பஞ்சு உறைக்குள்ளும் நுழையும். இந்த வேலைக்கு மாற்று இல்லை. முட்டைக்கோசுக்கு வெறும் தண்ணீரில் இலைவழி ஊட்டம் அடிப்பது தரைக்கு ஊட்டம் கொடுப்பதாகத்தான் முடியும்.

ஆனால் இலையின் மெழுகு நமக்கு இடைஞ்சல் செய்வதற்காக வளர்ந்ததல்ல. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸ் ஆகியோர் 1997இல் தாமரை இலையைப் பற்றி வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களும் அவற்றின் மேலுள்ள மெழுகும் சேர்ந்து நீரை ஒட்டவிடாமல் செய்கின்றன. உருண்டோடும் துளி போகிற போக்கில் தூசியையும் பூஞ்சாண வித்துகளையும் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறது. நாம் வாரந்தோறும் சோப்பு அடித்துக் கரைப்பது இந்தக் காவலைத்தான். சாம்பல் பூத்தாற்போல் மெழுகு படிந்த சதைப்பற்றுச் செடிகளின் மேல் சோப்பு பட்ட தடம் அந்த இலை உதிரும்வரை மறையாது.

இனி சோப்பின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். கொழுப்பு அமில உப்பான உண்மையான சோப்பு, தனியாகவே நல்ல பூச்சிக்கொல்லி. அசுவினி, இளம் மாவுப்பூச்சி, வெள்ளை ஈயின் குஞ்சு, சிலந்திப்பேன் போன்ற மெல்லுடல் உயிர்களின் மேல்தோல் மெழுகைக் கரைத்து, செல் சவ்வைக் குலைத்துக் கொல்கிறது. இதற்கென்றே பொட்டாசியம் சோப்பு பல நாடுகளில் பூச்சிமருந்தாகவே விற்கப்படுகிறது. அங்கெல்லாம் 1 முதல் 2 சதவீதக் கரைசல் வழக்கம், அதாவது லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். ஈரமாகப் பூச்சியின் மேல் பட்டால் மட்டுமே கொல்லும். காய்ந்தபின் அதற்கு வீரியம் இல்லை. எனவே மறுநாள் வரும் பொறிவண்டுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. மலிவு, எங்கும் கிடைக்கிறது, மண்ணில் சீக்கிரம் சிதைந்துபோகிறது. சிறு தோட்டத்துக்கு இவ்வளவு நல்ல குணங்கள் சேர்ந்த பொருள் வேறு அதிகம் இல்லை.

இந்தப் பெருமையிலிருந்தே என் முதல் குறையும் பிறக்கிறது. அவரைக் கொடியில் அசுவினி அப்பியிருக்கிறது. ஒருவர் ஏதோ ஒரு மூலிகைச் சாற்றில் தாராளமாகச் சோப்பு கலந்து அடிக்கிறார், மறுநாள் அசுவினி செத்துக் கிடக்கிறது, சாற்றின் புகழ் ஊரெல்லாம் பரவுகிறது. கொன்றது சோப்பாக இருக்கலாம் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. அதே சாற்றைச் சோப்பில்லாமல் ஒரு கிளையிலும், அதே அளவு சோப்பை மட்டும் இன்னொரு கிளையிலும் அடித்துப் பார்க்காதவரை அந்தச் சாற்றைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. வீட்டுத்தோட்ட அனுபவங்கள் என்று குவிந்திருக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரு சோதனை இல்லாமல் எழுந்தவை.

அளவு விஷயத்தில் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை தெளிவானது. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பும் 200 கிராம் சோப்பும். அதாவது லிட்டருக்கு 2 கிராம். பரப்புவதற்கு அவ்வளவு போதும். அதை மூன்று நான்கு மடங்காக்குவதால் பரவல் கூடுமா என்றால் கூடாது. ஓரளவுக்கு மேல் சோப்பு மூலக்கூறுகளுக்கு நீரின் பரப்பில் இடம் இருப்பதில்லை; அவை நீருக்குள்ளேயே கூட்டங்கூட்டமாகத் திரண்டுகொள்கின்றன, இழுவிசை அதற்குமேல் இறங்குவதில்லை. மிச்சச் சோப்பு போய்ச்சேரும் இடம் இலையின் மெழுகுதான். ஓரங்கள் பழுப்பேறிச் சுருள்வது பெரும்பாலும் இந்த மிச்சத்தால்.

சோப்பின் உண்மையான பலவீனம் தண்ணீரில் இருக்கிறது. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு நுரை வராத அவஸ்தை தெரியும். அந்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத வெள்ளைத் திரையாக மாற்றிவிடுகின்றன. வாளியின் விளிம்பில் ஒட்டும் அதே அழுக்குத்திரை தெளிப்பானின் மூக்கை அடைக்கிறது, இலையில் வெண்திட்டாகப் படிகிறது, பரப்பும் வேலைக்கு மிஞ்சுவது சொற்பம். மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடின நீர் செய்வதை நாமே விலை கொடுத்து வாங்கிச் செய்வதும் உண்டு. எப்சம் உப்பு, துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட் போன்ற நுண்ணூட்டங்களை இலைவழியாகத் தரும்போது 'நன்றாக ஒட்டட்டும்' என்று சோப்பு சேர்த்தால் மெக்னீசியமும் துத்தநாகமும் இரும்பும் சோப்போடு கூடிக் கரையாத பொருளாகிவிடும். ஊட்டமும் கெட்டது, சோப்பும் கெட்டது. உப்பு ஊட்டங்களோடு சோப்பைச் சேர்க்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். வேம்பின் கதை வேறு. அதன் வீரியமான அசாடிராக்டின் இலேசான அமிலத்தில் நிலைத்து நிற்கும், காரத்தில் சிதையும். சோப்புக் கரைசல் காரமானது. ஆகவே வேப்பங்கொட்டைச் சாற்றில் சோப்பைக் கடைசி நிமிடத்தில் கலந்து உடனே அடித்துத் தீர்க்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்வது வீண்.

வேப்பெண்ணெய்க்குச் சோப்பு தேவை, பரப்புவதைவிடப் பால்போல் கலக்கச் செய்வதற்காக. எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் முதலில் குழைத்து, பிறகே தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். தண்ணீரில் எண்ணெயை விட்டு மேலே சோப்பைப் போட்டால் எண்ணெய் மிதக்கும். தெளிப்பானிலிருந்து முதலில் தண்ணீரும் கடைசியில் முழு எண்ணெயுமாக வரும். அந்தக் கடைசிப் பங்கு விழுந்த செடி வெயிலில் வெந்துபோகும். கடையில் வாங்கும் அசாடிராக்டின் மருந்துப் புட்டிகளின் நிலை இதுவல்ல. குழம்பாகக் கலங்கும் எந்தக் கடை மருந்திலும் கலக்கும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அதில் மேலும் சோப்பு ஊற்றுவது பழக்கதோஷம்.

பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு, சலவைத் தூள் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடின நீரில் திரையாவதில்லை என்பது அவற்றின் ஒரே மேன்மை. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றவென்றே செய்யப்பட்டவை அவை. இலையின் மெழுகும் அவற்றுக்குப் பிசுக்குதான். நிறம், வாசனை, உப்பு, சலவைத் தூளில் சோடாவும் வெண்மையூட்டியும் வேறு. கறிவேப்பிலையைப் பறித்து அலசித் தாளிப்பில் போடும் வீட்டில் இதை அடிப்பதற்கு நியாயமே இல்லை.

பூந்திக்கொட்டை இவ்வளவு கவனிக்கப்படாமல் இருப்பது எனக்கு வருத்தம். அதன் சபோனின் உப்பு வகைச் சோப்பு அல்ல. கடின நீரில் திரையாவதில்லை, நுண்ணூட்ட உப்புகளோடும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது, சோப்பைப் போலக் காரமும் ஏற்றுவதில்லை. நாலைந்து கொட்டைகளின் தோலை இரவு ஊறவைத்துப் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டினால் ஒரு கைத்தெளிப்பானுக்குத் தாராளமாகப் போதும். குறைகளும் உண்டு. கொட்டைக்குக் கொட்டை வீரியம் மாறும், ஊறிய சாறு ஓரிரு நாளில் புளித்து நாறும், வடிகட்டல் சரியில்லையென்றால் மூக்கு அடைக்கும். சபோனின் மீன்களுக்கு நஞ்சு. அல்லிக் குளமோ மீன் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் அங்கே இதைக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் இலைவழி ஊட்டத்துக்கு நான் முதலில் கைநீட்டுவது பூந்திக்கொட்டைக்குத்தான்.

அடுத்தது உரக்கடையில் விற்கும் சிலிக்கான் திரவம். இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதன் திறமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. முட்டைக்கோஸ் இலையில் விழுந்த துளி கண்ணெதிரே விரிந்து ஈரப்படலமாகிவிடும். இழுவிசை அவ்வளவு இறங்கியதால் அழுத்தம் எதுவும் இல்லாமலே நீர் இலைத்துளைக்குள் புகுந்துவிடும். இதன் வலிமைக்கு ஒரு சான்று தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்டீவன் கிளஃப், ஆண்ட்ரூ பென்ட் இருவரும் 1998இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்குள் புதிய மரபணுவைச் செலுத்த எளிய வழியொன்றை வெளியிட்டார்கள். பூங்கொத்தை பாக்டீரியாக் கரைசலில் முக்கி எடுப்பதுதான் முறை. அந்தக் கரைசலில் அவர்கள் சேர்த்தது 'சில்வெட் எல்-77' என்ற இதே சிலிக்கான் வகைப் பொருளை. பாக்டீரியாவையே செடிக்குள் கொண்டுசேர்க்க உதவுகிற திரவம், நாம் கலக்கும் உப்பையும் காரத்தையும் அதே வேகத்தில் உள்ளே கொண்டுபோய்விடும். வெளியே நின்றால் ஒன்றும் செய்யாத செறிவு உள்ளே போனால் திசுவைக் கருக்கும்.

இங்கே வீட்டுத்தோட்டக்காரருக்கு அளவுதான் பெரிய சிக்கல். வயலுக்கான கணக்கில் 15 லிட்டர் டேங்குக்கு 5 மி.லி. என்று கடைக்காரர் சொல்வார். வீட்டில் இருப்பதோ ஒரு லிட்டர் தெளிப்பான். தேக்கரண்டிதான் கையிலிருக்கும் அளவு. அதில் ஒரு கரண்டி ஊற்றினால் 15 மடங்கு ஆகிவிட்டது. மருந்துக் கடையில் ஊசியில்லாத ஒரு மி.லி. சிரிஞ்ச் வாங்கி, லிட்டருக்கு 0.3 மி.லி. என்று அளந்தாலொழிய இந்தத் திரவத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. கலந்த கரைசலை வைத்திருக்கவும் முடியாது. நடுநிலையான நீரில்தான் இது நிலைக்கும். அமிலத்திலும் காரத்திலும் சிதைந்து வலுவிழக்கும்.

அதிகம் பரவுவது எப்போதும் நல்லது என்பதும் சரியல்ல. எளிதில் நனையும் இலையில் இழுவிசையை மேலும் குறைத்தால் படலம் மெலிந்து நுனி வழியாகச் சொட்டிவிடும். இலையில் நிற்கும் மருந்தின் அளவு குறையும். பீன்ஸுக்கும் முட்டைக்கோசுக்கும் ஒரே கரைசல் பொருந்தாது. இலையில் துளி உருண்டால் பரப்பும் பொருள் சேர்க்கலாம், படுத்துக்கொண்டால் வேண்டாம் என்பதுதான் நான் நம்பும் ஒரே விதி.

அரிசிக் கஞ்சியையும் மைதா பசையையும் பரப்பும் பொருளாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவை ஒட்டவைப்பவை; பரப்புவதில் பெரிய பங்கில்லை. ஆனால் வேறோர் உபயோகம் உண்டு. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயால் மட்டைகளில் கரும்பூஞ்சாணம் படர்ந்தபோது லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை அடிக்கச் சொன்னார்கள். காய்ந்து உரியும் பசை கருமையையும் கூட்டி உரித்துக்கொண்டு வரும். செம்பருத்தியிலும் கொய்யாவிலும் கறுத்த இலைகளுக்கு இதை முயலலாம். பசையோடு வெல்லத்தைச் சேர்த்தால் எறும்பு வரும், எறும்போடு மாவுப்பூச்சியும் வரும்.

சிலிக்கான் திரவத்தின் மேல் எனக்கிருக்கும் கடைசி மறுப்பு தேனீக்களின் பொருட்டு. 2012இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த வகைப் பொருளை உட்கொண்ட தேனீக்கள் மணத்தை இனங்காணக் கற்றுக்கொள்ளும் திறனில் பின்தங்கியதைக் காட்டினார்கள். பூச்சிமருந்து எதுவும் கலக்காமல் பரப்பும் பொருளை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனை அது. பூசணியும் பாகலும் புடலையும் பூத்திருக்கும் மாடியில் காய் பிடிப்பது அந்தத் தேனீக்களை நம்பித்தான். எனவே பூத்த கொடிகளில் சிலிக்கான் திரவம் அடிப்பதில்லை. சோப்போ பூந்திக்கொட்டையோ தேவைப்பட்டால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, வெயில் தாழ்ந்த மாலையில், பூவை விட்டு இலையின் அடிப்புறத்தில் மட்டும் அடிக்கிறேன். முதலில் இரண்டே இலைகளில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் முழுக் கொடிக்கும்.